தென்கொரியாவின் கியொங்கி மாகாணத்தில் குடியேறுகிறவர்களுக்கு: முகவரியைப் படிப்பதிலிருந்து குப்பைப் பை வரை

நான் சுவோனில் வீடு மாறியபோது பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் நடுவே நடந்தே போகிற தூரம்தான். இரண்டு இடத்தையும் எல்லோரும் க்வாங்க்யோ என்றே சொன்னார்கள். அதே ஊர், அதே பேருந்து நிறுத்தம், இதற்கு எதற்கு அலுவலகம் என்று இருந்துவிட்டேன். பத்தொன்பதாம் நாள் வேறு வேலையாகப் போன இடத்தில் என் புது முகவரியைப் பார்த்த அலுவலர், "நீங்கள் இப்போது சுவோனில் இல்லை, யோங்கினில் இருக்கிறீர்கள்" என்றார். தெருவைக் கடந்தபோது நகரமே மாறியிருந்தது. முகவரி மாற்றம் சொல்ல வேண்டிய 15 நாள் கெடு போய்விட்டது, அபராதம் கட்டினேன். அதே வாரம் என் குப்பைப் பையும் எடுக்கப்படாமல் வாசலில் கிடந்தது. அது சுவோன் நகரத்துப் பை, யோங்கினில் செல்லாது.

இந்த மாகாணத்தில் மக்கள் வாயில் வருகிற ஊர்ப்பெயர் ஒன்று, காகிதம் கேட்கிற பெயர் வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மற்ற வேலைகள் பாதி முடிந்த மாதிரி. வேலைக்கு வரும் பொறியாளர், படிக்க வரும் மாணவர், இலங்கையிலிருந்து ஈ-9 விசாவில் தொழிற்சாலைக்கு வருபவர், எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்படி எழுதியிருக்கிறேன்.

1. முதலில் வரைபடம்: எதற்குள் இருக்கிறீர்கள்?

கியொங்கி-தோ சியோலைச் சுற்றி வளையம்போல் கிடக்கிறது. சியோல் அதன் நடுவே இருந்தாலும் அதில் சேராது. மேற்கே விமான நிலையம் உள்ள இன்ச்சொனும் சேராது. இரண்டும் தனி நிர்வாகம். மாகாணத்தின் பரப்பு ஏறக்குறைய 10,200 சதுர கிலோமீட்டர், மக்கள் 1.3 கோடிக்கு மேல். கொரியாவில் வேறெந்த மாகாணத்திலும் நகரத்திலும் இவ்வளவு பேர் இல்லை.

மாகாணத்துக்குக் கீழே 31 பிரிவுகள்: 28 சி, 3 குன். சி என்றால் நகரம், குன் என்றால் கிராமப்புற வட்டாரம். குன் மூன்றும் காபியொங், யாங்பியொங், யொன்ச்சொன். முதல் இரண்டும் கிழக்கே மலைப்பகுதி. யொன்ச்சொன் வடக்கே வடகொரிய எல்லையை ஒட்டியது. தலைமையகம் சுவோனில். ஹான் ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்களுக்காக உய்ஜொங்புவில் இன்னொரு அலுவலகம் உண்டு.

நடைமுறையில் தெற்கும் வடக்கும் இரண்டு உலகம். தொழிற்சாலைகள், சிப் நிறுவனங்கள், மென்பொருள் வேலைகள் பெரும்பாலும் தெற்கே: சுவோன், யோங்கின், ஹ்வாசொங், பியொங்தேக், சொங்நாம். வாடகை குறைவு என்று வடக்கே வீடு பிடித்துவிட்டுத் தெற்கே வேலைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நடுவே சியோல் இருக்கிறது. உய்ஜொங்புவிலிருந்து சுவோனுக்கு 1ஆம் எண் மெட்ரோவில் ஒரு பக்கமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குளிர்காலத்தில் வடக்கே குளிர் இன்னும் கடுமை, கணப்புக்கான எரிவாயு ரசீதும் அதற்கேற்ப ஏறும்.

2. முகவரியைப் பிரித்துப் படியுங்கள்

நம் ஊரில் கதவு எண்ணில் தொடங்கி ஊரில் முடிப்போம். இங்கே தலைகீழ், பெரியதிலிருந்து சிறியதற்கு. மாகாணத் தலைமையகத்தின் முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: கியொங்கி-தோ, சுவோன்-சி, யொங்தோங்-கு, தோச்சொங்-ரோ 30. தோ மாகாணம், சி நகரம், கு நகரத்துக்குள் பிரிவு, ரோ சாலை, 30 கட்டட எண். பெரிய சாலை தேரோ, அடுத்தது ரோ, சின்னத் தெரு கில். ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. எண்ணைப் பத்தால் பெருக்கினால் தெருவின் தொடக்கத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கணக்கு வரும். 30 என்றால் சுமார் 300 மீட்டர். வாடகை வீடு தேடி அலையும்போது இது எனக்கு எத்தனையோ முறை உதவியது.

கு எல்லா நகரத்திலும் இருக்காது. மக்கள்தொகை 5 லட்சத்தைத் தாண்டிய நகரங்களில்தான் வைக்கலாம். சுவோனில் நான்கு, யோங்கினில் மூன்று, சொங்நாமில் மூன்று, ஆன்சானில் இரண்டு. சியோலில் உள்ள கு தனக்கென்று தேர்ந்தெடுத்த தலைவரைக் கொண்டது. கியொங்கியில் கு என்பது நகராட்சியின் கிளைதான். அதனால் சில வேலைக்குக் கு அலுவலகம், சில வேலைக்கு நகராட்சி என்று பிரிந்திருக்கும். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். புச்சொன் 2016இல் கு பிரிவை எடுத்துவிட்டு 2024 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே பழைய ஒப்பந்தத்தில் கு இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

அதற்கும் கீழே நகர்ப்புறத்தில் தோங். கிராமப்புறத்தில் உப் அல்லது மியொன், அதற்குள் ரி. தோங்கில் ஒரு சிக்கல் உண்டு. நிலப் பதிவேட்டில் உள்ள தோங் ஒன்று, அலுவலகம் நடத்துகிற தோங் ஒன்று. யோங்கின் சங்ஹ்யொன்-தோங் பதிவேட்டில் ஒன்றுதான். அலுவலகக் கணக்கில் 1-தோங், 2-தோங் என்பதுபோல் எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் ஜுமின் சென்டர் (தோங் அளவில் உள்ள அரசு சேவை அலுவலகம்) எது என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

அஞ்சல் எண் ஐந்து இலக்கம். சியோலுடையது 0இல் தொடங்கும், கியொங்கியுடையது 1இல். ஒரு முகவரி சியோலா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்த முதல் இலக்கத்தைப் பாருங்கள்.

3. பெயரில் ஏமாறாதீர்கள்

க்வாங்ஜு இரண்டு உண்டு. ஒன்று சொங்நாமுக்குக் கிழக்கே உள்ள கியொங்கி க்வாங்ஜு-சி. இன்னொன்று தென்மேற்கே பல மணி நேரப் பயணத்தில் உள்ள பெருநகரம். விரைவுப் பேருந்து நிலையத்தில் வெறுமனே க்வாங்ஜு என்று கேட்டால் பெருநகரத்துக்குத்தான் சீட்டுக் கொடுப்பார்கள். கியொங்கி க்வாங்ஜு என்று சேர்த்தே சொல்லுங்கள்.

இச்சொன் வேறு, இன்ச்சொன் வேறு. இச்சொன் கிழக்கே உள்ள ஊர், அரிசிக்கும் மண்பாண்டத்துக்கும் பேர்போனது, எஸ்கே ஹைனிக்ஸ் அங்கேதான். இன்ச்சொன் மேற்குக் கடற்கரை. ஒரு எழுத்துத் தப்பினால் மாகாணத்தின் எதிர்க்கோடிக்குப் போய் இறங்குவீர்கள்.

சென்னை ஹூண்டாயிலிருந்து வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நம்யாங் ஆய்வு மையம் என்பது ஹ்வாசொங் நகரத்தில் இருக்கிறது. நம்யாங்ஜு என்பது சியோலுக்குக் கிழக்கே உள்ள வேறு நகரம். கைபேசி வரைபடத்தில் முதல் நான்கு எழுத்தைப் பார்த்து விடுதி பதிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்தது புதுநகரப் பெயர்கள். புந்தாங் சொங்நாமில் ஒரு கு. பியொங்ச்சொன் ஆன்யாங்கில், சான்போன் குன்போவில், தோங்தான் ஹ்வாசொங்கில். இவை ஒரே நகரத்துக்குள் அடங்குவதால் தொல்லை இல்லை. க்வாங்க்யோ சுவோனிலும் யோங்கினிலும் கிடக்கிறது. விர்யே இன்னும் மோசம். சியோல் சொங்பா-கு, சொங்நாம், ஹனாம் மூன்றிலும் பரந்திருக்கிறது. வீட்டு விளம்பரத்தில் இந்தப் பெயர்கள் வந்தால், எந்த சி என்று முதலில் கேளுங்கள்.

தொலைபேசிக் குறியீட்டையும் நம்ப வேண்டாம். கியொங்கிக்கு 031. ஆனால் புச்சொனுக்கு இன்ச்சொனின் 032, க்வாங்மியொங்குக்கும் க்வாச்சொனுக்கும் சியோலின் 02. சுவோன், கோயாங், யோங்கின், ஹ்வாசொங் ஆகியவை சிறப்பு நகரம் என்ற தகுதி பெற்றவை. முதல் மூன்றும் 2022 ஜனவரியில், ஹ்வாசொங் 2025 ஜனவரியில். அதற்காகப் படிவத்தில் எதையும் மாற்ற வேண்டாம், சுவோன்-சி என்று எழுதினால் போதும்.

4. வீட்டு ஒப்பந்தம்

நிறுவனமோ கல்லூரியோ தங்குமிடம் கொடுத்தால் இதைத் தாண்டிப் போங்கள். ஆனால் தங்குமிடம் கொடுத்ததற்கான உறுதிக் கடிதத்தைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

மாத வாடகை வீடு வொல்சே. விளம்பரத்தில் 500/40 என்று இருக்கும். கணக்கு மான் அளவில், ஒரு மான் பத்தாயிரம். ஆக முன்பணம் 50 லட்சம் வொன், மாதம் 4 லட்சம் வொன். பராமரிப்புக் கட்டணமான க்வான்லிபி தனி. அதில் தண்ணீர், இணையம் எவை சேரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

தரகுக்கு உச்சவரம்பு உண்டு. மாத வாடகையை நூறால் பெருக்கி முன்பணத்தோடு கூட்டுங்கள். அது 5 கோடி வொன்னுக்குக் கீழே வந்தால் நூறுக்குப் பதில் எழுபதால் பெருக்கி மறுபடி கூட்டுங்கள். 500/40 வீட்டுக்கு இப்படி 3 கோடியே 30 லட்சம் வரும். அதில் 0.5 சதவீதம் 1,65,000 வொன். வரி சேர்க்கலாம், அதற்கு மேல் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. இது குடியிருப்பு வீட்டுக்கான கணக்கு. ஆபிஸ்டெலுக்கு (அலுவலகமாகவும் வீடாகவும் பயன்படும் கட்டடம்) விகிதம் வேறு.

கையெழுத்துப் போடும் முன் சொத்துப் பதிவேட்டை இணையத்தில் பார்த்தே ஆக வேண்டும். பார்க்க 700 வொன், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், தரகரையே எடுத்துக் காட்டச் சொல்லலாம். மூன்றைப் பாருங்கள். உரிமையாளர் பெயரும் கையெழுத்திடுபவர் பெயரும் ஒன்றா? வங்கிக் கடன் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள்? வீட்டு எண் சரியா? மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கதவில் 101 என்று ஒட்டியிருக்கும், பதிவேட்டில் பி01 என்று இருக்கும். ஒவ்வொரு குடியிருப்பும் தனிச் சொத்தாகப் பதிவான கட்டடத்தில், ஒப்பந்தத்திலும் முகவரிப் பதிவிலும் பதிவேட்டு எண்தான் வர வேண்டும். கதவெண்ணை எழுதினால் வீடு ஏலத்துக்குப் போகும் நாளில் உங்கள் முன்பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். முன்பணத்தை உரிமையாளர் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். தரகர் கணக்குக்கு வேண்டாம், ரொக்கமாகவும் வேண்டாம்.

5. ஏ.ஆர்.சி. கார்டு: 90 நாளுக்குள்

90 நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் நாட்டுக்குள் வந்த 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும். அப்போது கிடைக்கும் அடையாள அட்டைதான் ஏ.ஆர்.சி. 90 நாள் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஹை கொரியா என்ற குடிவரவு இணையத்தளத்தில் முன்பதிவு செய்தால்தான் போக முடியும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பல்கலைக்கழகப் பருவம் தொடங்குவதால் தேதி கிடைப்பது கஷ்டம். வந்த முதல் வாரமே முன்பதிவு செய்துவிட்டு, அதற்குள் காகிதங்களைச் சேருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கடவுச்சீட்டும் அதன் நகலும், விண்ணப்பப் படிவம், வெள்ளைப் பின்னணியில் ஆறு மாதத்துக்குள் எடுத்த 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படம் ஒன்று, முகவரிக்கான ஆதாரம். அப்புறம் விசாவைப் பொறுத்து, வேலைக்கு வந்தவருக்கு நிறுவனத்தின் தொழில் பதிவுச் சான்று நகல், மாணவருக்குப் படிப்புச் சான்று. நண்பர் வீட்டில் தங்கினால் அவர் கையெழுத்திட்ட தங்குமிட உறுதிப் படிவம், அவருடைய அடையாள அட்டை நகல், அவர் ஒப்பந்த நகல் மூன்றும் எடுத்துச் செல்லுங்கள். இந்தியாவும் இலங்கையும் காசநோய்ச் சான்று கேட்கும் நாடுகளின் பட்டியலில் உள்ளன. விசாவுக்கே கொடுத்திருந்தால் அதன் நகலைக் கையில் வைத்திருங்கள். கொடுக்காதவர்கள் தங்கள் நகரத்துச் சுகாதார மையத்தில் எக்ஸ்ரே எடுத்துச் சான்று வாங்கலாம். அன்றே கிடைக்காது என்பதால் முன்பதிவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே போங்கள். 40,000 வொன் வைத்திருந்தால் அட்டைக் கட்டணமும் வீட்டுக்கு அனுப்பும் செலவும் அடங்கும். கைரேகை எடுப்பதால் நேரில்தான் போக வேண்டும். அட்டை வர மூன்று நான்கு வாரம் ஆகலாம்.

எந்த அலுவலகம் என்பதுதான் பொறி. மாகாண எல்லையும் குடிவரவு அலுவலக எல்லையும் ஒன்றல்ல. புச்சொனிலும் கிம்போவிலும் இருப்பவர்கள் இன்ச்சொன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். க்வாங்மியொங் சியோல் தெற்கு அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஆன்சானுக்கும் சிஹுங்குக்கும் ஆன்சானிலேயே கிளை. கோயாங்குக்கும் பாஜுவுக்கும் கோயாங் கிளை. அருகில் இருக்கிறதே என்று வேறு அலுவலகத்தில் முன்பதிவு செய்தால் வரிசையில் நின்று திரும்பி வருவீர்கள். முன்பதிவின்போது உங்கள் சி, கு பெயரைப் போட்டு அலுவலகத்தைச் சரிபாருங்கள். இல்லையென்றால் வெளிநாட்டவருக்கான உதவி எண் 1345ஐ அழையுங்கள். தமிழ் இல்லை. ஆங்கிலம் உண்டு, சிங்களமும் உண்டு. பகலில் அழைத்தால்தான் எல்லா மொழியும் கிடைக்கும்.

6. வீடு மாறினால் 15 நாள்

நான் தவறவிட்டது இது. புது வீட்டுக்குப் போன நாளிலிருந்து 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். தெருவின் மறுபக்கம் போனாலும், அதே கட்டடத்தில் வேறு வீட்டுக்குப் போனாலும் சொல்ல வேண்டும். தவறினால் 10 லட்சம் வொன் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அபராதத்தைவிட, விசா நீட்டிப்பின்போது உங்கள் கோப்பில் ஒரு மீறல் நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இதற்குக் குடிவரவு அலுவலகம்தான் போக வேண்டும் என்றில்லை. புது வீடு உள்ள இடத்தின் ஜுமின் சென்டரே போதும். பழைய இடத்து அலுவலகத்துக்குப் போகாதீர்கள். ஏ.ஆர்.சி. கார்டு, கடவுச்சீட்டு, புது ஒப்பந்தத்தின் மூலப்பிரதி எடுத்துச் சென்றால் அரை மணி நேரத்தில் முடியும். செலவு கிடையாது. கார்டின் பின்புறம் புது முகவரியைக் குறித்துத் தருவார்கள். அங்கேயே நின்று எண்களைச் சரிபாருங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலும் இதே 15 நாள்தான்.

அதே மேசையில் இன்னொரு வேலையையும் முடியுங்கள். ஒப்பந்தத்தில் ஹ்வாக்ஜொங்-இல்ஜா என்ற தேதி முத்திரை வாங்குங்கள், 600 வொன். முகவரிப் பதிவு செய்து, வீட்டில் குடியேறிய பிறகு மறுநாள் பிறக்கிற நள்ளிரவு 12 மணிக்குத்தான் வாடகைதாரர் உரிமை தொடங்கும். ஆகவே குடியேறிய அன்றே போவது நல்லது. வெளிநாட்டவர் பதிவும் முகவரி மாற்ற அறிவிப்பும் கொரியர்களின் முகவரிப் பதிவுக்குச் சமம் என்று சட்டமே சொல்கிறது. இந்தப் பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு.

முன்பணம் 6 கோடி வொன்னுக்கு மேல் அல்லது மாத வாடகை 3 லட்சம் வொன்னுக்கு மேல் என்றால், ஒப்பந்தம் போட்ட 30 நாளுக்குள் வாடகை அறிவிப்பும் தர வேண்டும். மேலே சொன்ன 500/40 வீடும் இதில் அடங்கும். மற்ற மாகாணங்களில் குன் பகுதிகளுக்கு இதிலிருந்து விலக்கு. கியொங்கியில் விலக்கே இல்லை, யொன்ச்சொனில் இருந்தாலும் தர வேண்டும். சலுகைக் காலம் முடிந்து 2025 ஜூன் முதல் அபராதம் போடுகிறார்கள். ஒப்பந்தத்தை இணைத்து இந்த அறிவிப்பைத் தந்தால் தேதி முத்திரை தானாகவே கிடைத்துவிடும், 600 வொன்னும் மிச்சம்.

7. குப்பைப் பை

சாதாரணக் குப்பையை நகரம் விற்கும் பையில்தான் போட வேண்டும். ஒவ்வொரு சி, குன்னுக்கும் தனிப் பை, மேலே ஊர்ப்பெயர் அச்சிட்டிருக்கும். பக்கத்து நகரத்துக் கடையில் வாங்கிய பையை எடுக்க மாட்டார்கள். எந்த நகரத்தில் இருக்கிறோம் என்று சந்தேகமிருந்தால், வீட்டுக்கு அடியில் உள்ள கடையில் விற்கும் பையைப் பாருங்கள். நகரம் மாறியவர்கள் மிச்சமுள்ள பழைய பையைப் பயன்படுத்தப் பல இடங்களில் ஜுமின் சென்டரிலேயே ஒட்டுச்சீட்டு தருவார்கள், முகவரி மாற்றும்போதே கேளுங்கள். மெத்தை, மேசை போன்றவற்றுக்குத் தனிக் கட்டணச் சீட்டு ஒட்டித்தான் வெளியே வைக்க வேண்டும். சும்மா வைத்தால் அபராதம் வரும்.

8. வேலைக்குப் போய்வரும் வழி

மெட்ரோவின் அடிப்படைக் கட்டணம் 2025 ஜூன் 28 முதல் 1,550 வொன், தூரத்துக்கேற்ப ஏறும். பேருந்திலிருந்து மெட்ரோவுக்கு மாறினால் தள்ளுபடி உண்டு. ஆனால் இறங்கும்போதும் பயணக் கார்டைக் கருவியில் தொட்டு, 30 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏற வேண்டும். இரவு 9 மணிக்கு மேல் 60 நிமிடம். இறங்கும்போது தொட மறப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. க்வாங்க்யோவிலிருந்து காங்நாம் போகும் ஷின்புந்தாங் தடத்தில் கூடுதல் கட்டணம் உண்டு, வேகமாகப் போகிறது என்பதற்காகத் தினமும் ஏறும் முன் மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சியோல் நகராட்சியின் மாதக் கார்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். கியொங்கியின் சிவப்பு விரைவுப் பேருந்துகளில் அது செல்லாது. ஒரு சில நகரங்களின் மெட்ரோ நிலையங்களில் மட்டுமே செல்லும். சிவப்புப் பேருந்தில் நின்று போக முடியாது. காலை ஏழரை மணிக்கு, நடுவழி நிறுத்தத்தில் நின்றால் காலி இருக்கை 0 என்று காட்டியபடி மூன்று நான்கு வண்டிகள் கடந்துபோகும். வீடு பார்க்கும்போதே அந்தத் தடம் எங்கே புறப்படுகிறது என்று பார்த்து, முதல் சில நிறுத்தங்களுக்குள் வீடு எடுங்கள். மாதம் 3 மான் வாடகை கூடினாலும் எடுக்கலாம் என்பது என் கருத்து.

ஜிடிஎக்ஸ்-ஏ என்ற அதிவேகப் புறநகர் ரயில் தோங்தானிலிருந்து சியோலின் சுசோவுக்கு 2024 மார்ச்சிலும், பாஜு உன்ஜொங்கிலிருந்து சியோல் நிலையத்துக்கு 2024 டிசம்பரிலும் ஓடத் தொடங்கியது. இரண்டும் இருபது நிமிடத்தை ஒட்டிய பயணம். தோங்தான் கட்டணம் ஒரு பக்கம் 4,450 வொன்னில் தொடங்கியது. விளம்பரத்தில் ஜிடிஎக்ஸ் அருகில் என்று போட்டிருந்தால், வீட்டு வாசலிலிருந்து நிலையத்துக்குப் பேருந்தில் ஒரு வேலைநாள் காலையில் போய்ப் பாருங்கள். தோங்தான் நிலையம் தரைக்கு அடியில் மிக ஆழத்தில் இருக்கிறது. நடைமேடைக்கு இறங்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.